மூடிய கோப்பைத் திறக்கும் உரிமை

உடல்நலம் கெட்டுப் படையிலிருந்து விடுவிக்கப்படும் ஒவ்வொருவரையும் ராணுவ மருத்துவ வாரியம் ஒன்று பரிசோதிக்கிறது. வாரியம் நிரப்பும் படிவத்தில் முக்கியமான கேள்விகள் இரண்டு. இந்த நோய் ராணுவப் பணியால் வந்ததா? வேறு காரணத்தால் வந்திருந்தாலும், பணியால் அது முற்றியதா? இரண்டுக்கும் ‘இல்லை’ என்று எழுதிவிட்டால் ஊன ஓய்வூதியம் கிடையாது. இந்தப் பதிலின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘நானா கேஸ்’ என்பார்கள் படைவீரர்கள். சிப்பாய்க்கு வழக்கமான ஓய்வூதியம் கிடைக்கப் பதினைந்து ஆண்டுப் பணி வேண்டும். ஏழாம் ஆண்டிலோ எட்டாம் ஆண்டிலோ நோயோடு அனுப்பப்பட்டவர், ‘நானா’ என்று எழுதப்பட்டதும் ஒரு பணிக்கொடையை வாங்கிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதுதான் என்பதே நெடுங்காலம் இருந்த நிலை.

அந்த ‘இல்லை’, அன்றைக்குக் கையில் இருந்த பரிசோதனைகளையும் அன்றைய மருத்துவ அறிவையும் வைத்து எழுதப்பட்டது. பத்து, இருபது ஆண்டுகளில் இரண்டுமே மாறிவிடுகின்றன. அன்று தெரியாத காயம் இன்றைய ஸ்கேனில் தெரிகிறது. அன்று பெயரே இல்லாத நோய்க்கு இன்று பெயரும் இலக்கணமும் இருக்கின்றன. ஆனால், மறுக்கப்பட்ட கோரிக்கையைப் புதிய மருத்துவச் சான்றின் பேரில் மீண்டும் எடுத்து விசாரிக்கும்படி உரிமையோடு கேட்க நம் விதிகளில் தெளிவான வழி இல்லை. முதல் மேல்முறையீடு, இரண்டாம் மேல்முறையீடு, பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயம், அதற்கும் மேலே உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று வழக்காடும் பாதை ஒன்றே இருக்கிறது. சான்று கிடைத்தால் கோப்பு திறக்கப்பட வேண்டும்; திறப்பது அரசின் கடமையாக இருக்க வேண்டும். இதுவே என் கோரிக்கை.

சிப்பாயின் பக்கம் நின்ற விதி

இந்தக் கோரிக்கைக்கு அடிப்படை நம் விதிகளிலேயே இருக்கிறது. யாருக்கு ஊன ஓய்வூதியம் என்பதைத் தீர்மானிக்கும் 1982-ஆம் ஆண்டின் தகுதி விதிகள் வழக்கமான அரசு விதிகளைப் போன்றவை அல்ல. படையில் சேரும்போது ஒருவர் நல்ல உடல்நிலையில் இருந்தார் என்று கொள்ள வேண்டும். சேர்க்கும்போது பதிவு செய்யப்படாத நோய், பணிக்காலத்தில் ஏற்பட்டதாகவே கருதப்பட வேண்டும். கோரிக்கையாளரை நிரூபிக்கச் சொல்லக் கூடாது. நியாயமான ஐயம் எழுந்தால் அதன் பலன் அவருக்கே போக வேண்டும். களப்பணியில் இருந்தவருக்கு இந்தப் பலனை இன்னும் தாராளமாகத் தர வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறின.

இவற்றுக்கு உயிர் கொடுத்தது 2013-இல் உச்ச நீதிமன்றம் தர்மவீர் சிங் வழக்கில் வழங்கிய தீர்ப்பு. 1985-இல் சிக்னல் பிரிவில் சேர்ந்த அவர், வலிப்பு நோய் காரணமாக 1994-இல் இருபது சதவீத ஊனத்தோடு அனுப்பப்பட்டார். நோய் அவருடைய உடல்வாகைச் சேர்ந்தது, பணிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று வாரியம் எழுதியது. ஏன் என்று ஒரு வரியும் எழுதவில்லை. சேரும்போது நோய் பற்றிய பதிவு எதுவும் இல்லாத நிலையில், காரணம் சொல்லாத கருத்தை ஏற்க முடியாது என்று நீதிமன்றம் ஓய்வூதியம் வழங்கச் சொன்னது. அவர் படையை விட்டு வந்து அப்போது பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதே ஆண்டு வந்த இன்னொரு தீர்ப்பு நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. 1970-களில் மனநோய் என்று சொல்லி அனுப்பப்பட்ட ஒரு சிப்பாயின் வழக்கு அது. மருத்துவ வாரியத்தின் கருத்தில் நீதிமன்றங்கள் எளிதில் தலையிடுவதில்லை என்பது உண்மை. ஆனாலும் அந்தக் கருத்து கேள்விக்கு அப்பாற்பட்டதல்ல என்றார்கள் நீதிபதிகள். மனநோய் பற்றிய மருத்துவ நூல்களை எடுத்துப் பார்த்தார்கள். மறுஆய்வு மருத்துவ வாரியம் ஒன்று அந்த மனிதரை மீண்டும் பரிசோதிக்க வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். 2025-இலும் உச்ச நீதிமன்றம், காரணம் காட்டாத வாரியக் கருத்தை வைத்து ஓய்வூதியத்தை மறுக்கக் கூடாது என்று திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு சிப்பாயை மறுபடி பரிசோதியுங்கள் என்று சொல்ல நாட்டின் உச்ச நீதிமன்றம் தேவைப்பட்டது. என் கவலை அங்கேதான் தொடங்குகிறது. தீர்ப்பு வாங்கியவருக்குக் கதவு திறக்கிறது. டெல்லி வரை போக முடியாதவரின் கோப்பு மூடியபடியே கிடக்கிறது.

புதிய சான்று எப்படி இருக்கும்?

பீரங்கிப் படையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் என்னைப் பார்க்க வந்தபோது அவருடைய மனைவியும் கூட வந்திருந்தார். நான் கேட்ட கேள்விகளை எல்லாம் அந்த அம்மா அவர் காதருகே குனிந்து உரக்கச் சொல்ல, அவர் பதில் சொன்னார். வயதாவதால் வரும் செவிட்டுத்தன்மை என்று சொல்லி அவருடைய கோரிக்கை நிராகரிக்கப்பட்டிருந்தது. அவர் பையில், படையை விட்டு வந்த சில ஆண்டுகளுக்குள் ஊர்ப்பக்கம் ஒரு காது மருத்துவரிடம் எடுத்த ஆடியோகிராம் இருந்தது. பழுப்பேறிய தாள். மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது.

அந்தத் தாளில் விஷயம் இருந்தது. வயதால் காது மந்தமானால், வரைபடத்தில் கோடு கீழ்ஸ்தாயியில் மேலே தொடங்கி மேல்ஸ்தாயிக்குப் போகப் போகச் சீராகச் சரியும். பேரொலியால் சேதமான காதின் கோடு வேறு விதமானது. அது 4,000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளமாக இறங்கி, 8,000 ஹெர்ட்ஸில் மறுபடி ஏறும். பீரங்கி வெடிக்கும்போது எழும் ஒலியின் உச்சம் 140 டெசிபெலைத் தாண்டும். காதின் உட்பகுதியில் உள்ள நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை. அவருடைய இரண்டு காதுகளுக்கும் அந்தப் பள்ளம் இருந்தது. இன்று அவருக்குப் புதிதாகச் சோதனை எடுத்தால் பள்ளம் அவ்வளவு தெளிவாகத் தெரியாது. முதுமை வந்து அதை மூடியிருக்கும். அதனால்தான் அந்தப் பழைய தாள் அவ்வளவு முக்கியம். அவருடைய கோப்பில் அது ஒருபோதும் சேரவில்லை. சேர்க்கச் சொல்லி எந்த மேசையில் கொடுப்பது என்று அவருக்கும் தெரியவில்லை, அவருக்கு உதவ நினைத்தவர்களுக்கும் தெரியவில்லை.

மலைப்பணியை எடுத்துக்கொள்வோம். 1984 ஏப்ரலில் சியாச்சினில் நம் படைகள் நிலைகொண்டன. அங்கே காற்றில் பிராணவாயு குறைவு என்பதால் உடல் அதிகமாகச் சிவப்பணுக்களை உற்பத்தி செய்கிறது. ரத்தம் கெட்டியாகிறது. குளிரில் தாகம் தெரியாமல் தண்ணீர் குடிப்பதும் குறைகிறது. கால் நாளத்திலும் மூளை நாளத்திலும் ரத்தம் உறைந்து, முப்பது வயதுகூட நிறையாதவர்கள் பக்கவாதத்தில் விழுந்த நிகழ்வுகளை ராணுவ மருத்துவர்களே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ரத்தம் உறையும் தன்மையைப் பிறவியிலேயே கூட்டும் மரபணுக் கோளாறுகள் உண்டா என்று இன்று பரிசோதித்துப் பார்க்க முடியும். கோளாறு இல்லை என்று தெரிந்தால், ‘உடல்வாகு’ என்று எழுதிய பழைய முடிவின் அடித்தளம் ஆட்டம் காண்கிறது. கோளாறு இருந்தாலும், பணியிடம் அதை முற்றச் செய்ததா என்ற இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது.

மூன்றாவது, மனக்காயம். போர் அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனநலப் பாதிப்பை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980-இல்தான் தனி நோயாகத் தன் பட்டியலில் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாவது நோய்ப் பட்டியல் வழியாக அது உலகெங்கும் புழக்கத்துக்கு வந்தது 1990-களில். இந்திய அமைதி காப்புப் படை இலங்கையில் இருந்ததோ 1987 முதல் 1990 வரை. சுமார் 1,200 வீரர்கள் அங்கே உயிரிழந்தார்கள். கண்ணிவெடியில் கூட இருந்தவர்கள் சிதறியதைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களில், தூக்கமில்லாமல், சத்தம் கேட்டால் நடுங்கி, குடியில் விழுந்து பணியை இழந்தவர்கள் உண்டு. அவர்கள் கோப்பில் ‘நரம்புத் தளர்ச்சி’ என்றோ ‘ஆளுமைக் கோளாறு’ என்றோ எழுதப்பட்டிருந்தால், எழுதிய மருத்துவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் இருந்த நூல் அதுதான். ஆனால் நூல் மாறிய பிறகும் கோப்பு மாறக் கூடாது என்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

ஆவணத்தை அழித்துவிட்டு ஆதாரம் கேட்பது

இவர்கள் உடனே ஏன் வரவில்லை என்று கேட்கலாம். பணியில் விதைக்கப்பட்ட நோய் பல ஆண்டுகள் கழித்து வெளிப்படுவதுண்டு. நம் விதிகளே அதை ஏற்று, பணிக்குப் பிந்தைய கோரிக்கைகளுக்கு ஒரு காலவரம்போடு இடம் தருகின்றன. நிராகரிப்புக் கடிதம் ஆங்கிலத்தில் வருகிறது. எந்த விதியின் கீழ் மறுத்தார்கள் என்று அதைப் படித்துச் சொல்ல ஊரில் ஆள் இருப்பதில்லை. மனம் பாதிக்கப்பட்டவருக்குத் தன் நோயே தெரியாது. அவருக்காக மனைவியும் அம்மாவும்தான் அலைகிறார்கள்.

காலம் கடக்கும்போது இன்னொரு ஆபத்தும் சேர்கிறது. ராணுவ ஒழுங்குமுறைப்படி, ஓய்வூதியம் பெறாத படைவீரரின் பணி ஆவணங்களை 25 ஆண்டுகளுக்குப் பிறகு அழித்துவிடலாம். ஓய்வூதியம் மறுக்கப்பட்டதால்தான் அவர் ஓய்வூதியம் பெறாதவர் ஆனார். அந்தக் காரணத்தாலேயே, மறுப்பு தவறென்று காட்டக்கூடிய காகிதமும் அழிகிறது. இதோடு 2008-ஆம் ஆண்டின் தகுதி விதிகளையும் சேர்த்துப் படியுங்கள். பணியை விட்டு 15 ஆண்டுகளுக்குப் பிறகு, ஆவணங்கள் அழிக்கப்பட்ட நிலையில் ஒருவர் கோரிக்கை வைத்தால், நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது என்கின்றன அவை. ஆவணம் அரசின் பாதுகாப்பில் இருந்தது. அழித்தது அரசு. சுமை மட்டும் சிப்பாயின் தலையில். 1982-இல் தந்த பாதுகாப்பை 2008 இப்படிக் கரைத்துவிட்டது. 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு பணியை விடுவோருக்கு வந்துள்ள புதிய விதிகள் முன்னைவிட இறுக்கமானவை என்பது முன்னாள் படைவீரர் அமைப்புகளின் குறை.

வென்றவருக்கும் முழு நீதி கிடைப்பதில்லை. 2008-இல் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வூதிய மறுப்பு மாதந்தோறும் தொடரும் தவறு, ஆகவே தாமதமாக வந்தாலும் கேட்கலாம் என்றது. அது பெரிய நன்மை. ஆனால் நிலுவையை, வழக்குப் போட்ட தேதிக்கு முந்தைய மூன்று ஆண்டுகளோடு நிறுத்தியது. அதைப் பின்பற்றியே பல வழக்குகளில் நிலுவை குறுக்கப்பட்டிருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு முன்பே கோரிக்கை வைத்து, தவறாக நிராகரிக்கப்பட்டவருக்கும் மூன்று ஆண்டுப் பணம்தான் என்றால், தவறின் விலையைத் தவறு செய்தவர் கொடுக்கவில்லை.

அமெரிக்கா கற்ற பாடம்

இதே சிக்கலை அமெரிக்காவும் கடந்து வந்திருக்கிறது. வியட்நாம் போரில் அந்நாட்டு ராணுவம் காடுகளின் மீது ‘ஏஜென்ட் ஆரஞ்சு’ என்ற களைக்கொல்லியைத் தெளித்தது. அதில் கலந்திருந்த டையாக்சின் பிற்காலத்தில் புற்றுநோயையும் வேறு நோய்களையும் கொண்டுவந்தது. ஆரம்பத்தில் வந்த கோரிக்கைகளை முன்னாள் படைவீரர் துறை பெருமளவில் நிராகரித்தது. 1991-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், அறிவியல் சான்றுகளைத் தொடர்ந்து ஆராயும் பொறுப்பைத் தேசிய அறிவியல் கழகத்திடம் விட்டது. புதிய சான்று வந்தபோதெல்லாம், பணியால் வந்தவை என்று ஏற்கப்படும் நோய்களின் பட்டியல் நீண்டது. 2010-இல் மாரடைப்புக்கு வழிவகுக்கும் இதய நோயும் பார்க்கின்சன் நோயும் சேர்ந்தன.

இதில் முக்கியமானது ஒரு நீதிமன்ற உடன்பாடு. நெஹ்மர் வழக்கில் 1991-இல் ஏற்பட்ட அந்த உடன்பாட்டின்படி, பட்டியலில் புதிய நோய் சேரும்போது, அந்த நோய்க்காக முன்பு நிராகரித்த வியட்நாம் வீரர்களின் கோப்புகளைத் துறையே தேடி எடுத்து மறுபடி முடிவு செய்ய வேண்டும். பல சமயங்களில் பழைய கோரிக்கையின் தேதியிலிருந்தே பணம் தர வேண்டும். வீரர் இறந்திருந்தால் குடும்பத்துக்குத் தர வேண்டும்.

2019 பிப்ரவரியில் அங்கே நடைமுறைக்கு வந்த சட்டம் இந்த உரிமையை எல்லாருக்கும் எளிமையாக்கியது. நிராகரிக்கப்பட்டவர், புதியதும் தொடர்புடையதுமான சான்று ஒன்றைக் காட்டினால் துணைக் கோரிக்கை வைக்கலாம். அதற்குக் காலக்கெடு கிடையாது. முடிவு வந்த ஓராண்டுக்குள் வைத்தால் முதல் கோரிக்கையின் தேதியும் காப்பாற்றப்படும். சான்று திரட்ட உதவுவது துறையின் சட்டக் கடமை. 2022 ஆகஸ்டில் வந்த ‘பேக்ட்’ சட்டம், இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் குப்பை எரிப்புக் குழிகளின் புகையைச் சுவாசித்தவர்களுக்குப் பல புற்றுநோய்களைப் பணி சார்ந்தவை என்று ஏற்றது. முன்பு மறுக்கப்பட்டவர்கள் திரும்பவும் விண்ணப்பிக்கலாம் என்று துறையே அழைப்பு விடுத்தது. அங்கும் தாமதம் உண்டு, தேங்கிய கோப்புகள் உண்டு. ஆனாலும் அறிவியல் வளர்ந்தால் பழைய முடிவும் மாற வேண்டும் என்ற கொள்கை அங்கே சட்டமாகிவிட்டது.

செலவு, மோசடி என்ற பேச்சு

கதவைத் திறந்தால் போலிகள் நுழைவார்கள், ரத்த அழுத்தம், சர்க்கரை என்று வாழ்க்கை முறை நோய்களுக்கெல்லாம் பணம் கேட்பார்கள் என்கிறது அரசுத் தரப்பு. முறைகேடு செய்பவர்கள் எங்கும் உண்டு. அவர்களைக் கண்டுபிடித்துத் தண்டிக்கட்டும். சான்றின் பேரில் கோப்பைத் திறப்பது முறைகேட்டுக்கு எதிரான வழியும்கூட. ஆடியோகிராமும் ஸ்கேனும் நிபுணர் அறிக்கையும் மேசைக்கு வந்தால் உண்மையும் போலியும் பிரிந்து தெரியும். ஒரு வரியில் ‘இல்லை’ என்று எழுதுவதால் எதுவும் தெரிவதில்லை.

பணம் எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். ஓய்வூதியத்தில் ஊனத்துக்காகத் தரப்படும் பகுதி, நூறு சதவீத ஊனத்துக்கு, கடைசியாகப் பெற்ற ஊதியத்தில் 30 சதவீதம். ஊனம் குறைவானால் அதற்கேற்பத் தொகையும் குறையும். ஒரு சிப்பாய்க்குக் கிடைக்கும் அந்தச் சிறு தொகையை எதிர்த்துத் தீர்ப்பாயத்திலும் மேல் நீதிமன்றங்களிலும் அரசு ஆண்டுக்கணக்கில் வழக்காடுகிறது. 2015-இல் மனோகர் பாரிக்கர் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது, வழக்குகளைக் குறைக்க அவர் அமைத்த நிபுணர் குழு, ஊனமுற்ற வீரர்களுக்கு எதிரான தேவையற்ற மேல்முறையீடுகளைக் கைவிடும்படி பரிந்துரைத்தது. மேல்முறையீடுகள் ஓயவில்லை.

செய்ய வேண்டியவை

முதலில், பணிக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு குறித்து மறுஆய்வு கேட்கும் உரிமை வேண்டும். ஊனத்தின் சதவீதத்தை மறுபரிசீலனை செய்யும்படி வீரரே கேட்கலாம் என்று இப்போது உள்ளது. நோயின் காரணத்துக்கும் அதை விரிவாக்க வேண்டும். மறுஆய்வு செய்யும் வாரியத்தில் நோய்க்குரிய துறையின் நிபுணர் ஒருவர், ராணுவத்துக்கு வெளியிலிருந்து, கட்டாயம் இருக்க வேண்டும். முடிவு எதுவானாலும் காரணத்தோடு எழுதப்பட்டு, வீரருக்குப் புரியும் மொழியில் தரப்பட வேண்டும்.

அடுத்து, ஊன ஓய்வூதியம் மறுக்கப்பட்ட எவருடைய ஆவணமும் அவரும் அவர் துணைவரும் உயிரோடு இருக்கும்வரை அழிக்கப்படக் கூடாது. படையை விட்டுப் போகும் நாளில் மருத்துவக் கோப்பின் முழுப் பிரதி அவர் கையில் இருக்க வேண்டும். ஆவணம் அழிந்திருந்தால் ஐயத்தின் பலன் வீரருக்கே போக வேண்டும். மருத்துவ அதிகாரிகளுக்கான வழிகாட்டி மாறும்போது, பழைய நிராகரிப்புகளை அமைச்சகமே எடுத்துப் பார்க்க வேண்டும். நிலுவை முதல் கோரிக்கையின் நாளிலிருந்து கணக்கிடப்பட வேண்டும்.

இவை வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்பது படைவீரர் குடும்பங்களுக்கு என் வேண்டுகோள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுதி, மருத்துவ வாரியத்தின் நடவடிக்கைக் குறிப்பையும் மருத்துவமனையில் சேர்ந்த விவரங்களையும் எந்தக் காலத்தில் எங்கே பணியாற்றினார் என்ற பட்டியலையும் முதலில் வாங்குங்கள். அவற்றை எடுத்துக்கொண்டு நிபுணரிடம் போங்கள். ‘இவருக்கு இந்த நோய் இருக்கிறது’ என்ற சான்றிதழால் பயனில்லை. பணி ஆவணங்களைப் படித்துப் பார்த்து, எந்தப் பணிச்சூழல் எவ்வாறு இந்த நோயை உண்டாக்கியது அல்லது முற்றச் செய்தது என்று காரணத்தோடு எழுதிய அறிக்கைதான் தீர்ப்பாயத்தில் நிற்கும். கூடப் பணியாற்றியவர்களின் பிரமாண வாக்குமூலம் கிடைத்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய மருந்துச் சீட்டையும் தூக்கிப் போடாதீர்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களும், சான்று திரட்டத் தெரிந்த ஒருவரை இதற்கென்றே அமர்த்த வேண்டும்.

அக்னிபத் திட்டத்தில் சேர்ந்த அக்னிவீரர்கள் நான்காண்டுப் பணியை முடித்து வெளியேறும் காலம் இது. நாளை அவர்களில் சிலருக்கு நோய் தாமதமாக வெளிப்படும். அவர்கள் எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுவது என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டும்.

இதற்கு நாடாளுமன்றம் சட்டம் இயற்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தகுதி விதிகள் பாதுகாப்பு அமைச்சகம் தானே வெளியிடுபவை. ‘புதிய மருத்துவச் சான்று அளிக்கப்பட்டால், நிராகரிக்கப்பட்ட எந்தக் கோரிக்கையும் மறுஆய்வு மருத்துவ வாரியத்துக்கு அனுப்பப்படும்’ என்று ஒரு விதியைச் சேர்க்க அமைச்சரின் கையெழுத்து போதும். அந்தக் கையெழுத்து இந்த ஆண்டே விழ வேண்டும்.

(கட்டுரையாளர், படைவீரர் ஓய்வூதிய வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்.)